அறுபத்தொன்பது பிழைகள்

அட்டவணையில் எண்பத்தேழுக்கு அடுத்து எண்பத்தொன்பது இருந்தது. எப்சிபா மேலேயிருந்து மறுபடி ஒரு தடவை விரலால் தொட்டுத் தொட்டு இறங்கினாள், எண்பத்தைந்து, எண்பத்தாறு, எண்பத்தேழு, எண்பத்தொன்பது, பிரேயருக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் ஒன்று சொல்லாமல் ஒன்றுக்குப் போய்விட்ட மாதிரி நடுவில் ஓர் ஆளைக் காணோம். காணாமல் போன ஆளோ பக்கத்துத் திரையில் நன்றாக உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தது. எண்பத்தெட்டாம் செல். பத்து நிமிடத்துக்கு ஒரு படமாக மூன்று நாள் எடுத்ததை ஓட்டினால் அரை நிமிடத்தில் அதன் வரலாறு முடிந்துவிடும்: தட்டையாகக் கிடந்தது, இரண்டாகப் பிரிவதற்காக உருண்டு திரண்டது, மருந்து பிடித்துக்கொண்டதால் பிரிய முடியாமல் பத்தொன்பது மணி நேரம் அப்படியே உருண்டையாக நின்றது, பிறகு என்ன நினைத்ததோ, பிரியாமலேயே மெல்லத் தளர்ந்து தட்டையாகி, உள்ளே உட்கரு நாலைந்து துண்டாகச் சிதறிக் கிடக்க, ஒன்றும் நடக்காதது போலப் படத்தின் ஓரத்தை நோக்கி நகர ஆரம்பித்தது. இந்த ஆய்வகத்தில் இதற்கு நழுவல் என்று பெயர். ஐந்து மணிக்கு மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்ப வேண்டும், செத்த செல் ஒன்று, நழுவிய செல் ஒன்று, ரெண்டுக்கும் அழகான படம் எடுத்துக் கொடு என்று ஆய்வகத் தலைவி சாருமதி மேடம் மத்தியானம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இருப்பதிலேயே அழகான நழுவல் எண்பத்தெட்டுதான் என்று எப்சிபாவுக்கு நினைவு. இப்போது மணி இரண்டே முக்கால், நுண்ணோக்கி அறையில் ஏசி காதுக்குள் இரைந்துகொண்டிருந்தது, இறுதி அட்டவணையில் எண்பத்தெட்டே இல்லை.

தொண்ணூற்றொன்றும் இல்லை. தொண்ணூற்று நாலு இல்லை, தொண்ணூற்றைந்து இல்லை. அவளுக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது, பயம் அதற்கப்புறம்தான். இந்த அறையில் எதுவும் ஒரு தடவையில் முடிந்ததாகச் சரித்திரம் கிடையாது, ஒரு நாள் கரண்ட் போகும், ஒரு நாள் தட்டில் பூஞ்சை பிடிக்கும், ஒரு நாள் லென்ஸ் தானாக இறங்கித் தட்டையே உடைக்கும், இன்றைக்கு எண்கள் ஓடிப்போயிருக்கின்றன. இரண்டரைக்கே அக்காவுக்கு ஊசி ஏற ஆரம்பித்திருக்கும். வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு ஊசி, இது ஆறாவது வாரம். பாளையங்கோட்டையில் அந்த மாடி வார்டில் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு தபித்தா அக்கா கையை நீட்டியிருப்பாள், குழாயில் இறங்குவதும் இந்தத் தட்டில் எப்சிபா ஊற்றியதும் ஒரே மருந்து. அவ்வளவு பெரிய ஒற்றுமை ஒன்றுமில்லை, மார்பகப் புற்றுநோய்க்கு ஊரெல்லாம் கொடுக்கிற மருந்துதான் அது, அவள் இந்த வேலைக்கு வந்து பத்து வருடம் கழித்துத்தான் அக்காவின் கட்டியே தெரிந்தது, ஆனாலும் வீட்டில் எல்லோரும் ஆண்டவர் முன்கூட்டியே எப்சியை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார் என்றே பேசினார்கள். அவளுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "நீ படிச்சவதானட்டி, சொல்லு, அந்த மருந்து உள்ள போயி என்னதான் செய்யுது?" என்று அக்கா ஒரு நாள் கேட்டாள். எப்சிபா சொன்னாள்: "அது கதவச் சாத்தி வச்சிருது, அவ்வளவுதாங்கா. செல்லு ரெண்டாப் பிரியப் போற நேரத்துல வெளிய போக விடாம நிப்பாட்டிருது. உள்ள ரெண்டு புரோட்டீன் இருக்கு. ஒருத்தன் கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்கான், இன்னொருத்தன் உயிரப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். செல்லே ரெண்டு பேரையும் கொஞ்சங் கொஞ்சமா அரைச்சுத் தின்னுது. உயிரப் பிடிச்சிருக்கவன் மொதல்ல தீந்தான்னா செல்லு செத்துரும். கதவப் பிடிச்சிருக்கவன் மொதல்ல தீந்தான்னா தொறந்துக்கிட்டுத் தப்பிச்சுரும்." அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பம் கொல்லுறது மருந்து இல்ல" என்றாள். இல்லை. பதினொரு வருடமாக எப்சிபா கட்டுரை கட்டுரையாகப் படித்துத் தெரிந்துகொண்டதை அக்கா ஒரு வரியில் சொல்லிவிட்டாள். மருந்து காத்திருக்க வைக்கிறது. எது முதலில் தீரும் என்பது செல்லுக்குள் நடக்கிற விவகாரம், ஒரே தாய் செல்லிலிருந்து பிறந்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிற இரண்டு செல்லில் ஒன்று கொதிக்கிற கஞ்சி மாதிரி குமிழ் விட்டுச் சாகும், மற்றது தப்பித்துப் போகும், ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது, எண்ணித்தான் சொல்ல வேண்டும், நூற்றுக்கு இத்தனை என்று.

எண்ணினாள். பிப்ரவரி முழுக்க இதே நாற்காலியில் உட்கார்ந்து இருநூற்று நாற்பது செல்லை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து முடிவை எழுதினாள். அதுவும் தமிழில் எழுதினாள். அதற்கு முந்தின வருடம் ஒரு பெரிய கூத்து நடந்தது, ஆங்கிலத்தில் சுருக்கி 'டி' என்று போட்டதில் பாதி பேர் அதைச் செத்தது என்றும் பாதி பேர் பிரிந்தது என்றும் எடுத்துக்கொண்டு, இரண்டுமே ஆங்கிலத்தில் டியில்தான் தொடங்கித் தொலைக்கிறது, மூன்று மாத வேலை குப்பைக்குப் போனது. அப்போது எப்சிபாதான் கூட்டத்தில் எழுந்து நின்று, இனிமேல் நான் தமிழில் எழுதப் போகிறேன், குழப்பமே வராது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முதல் தட்டில் சாவு, நழுவல், சாவு, சாவு, நழுவல் என்று ஒழுங்காகத்தான் எழுதினாள். இரண்டாம் தட்டு வந்தபோது மணிக்கட்டு வலி. நழுவல் என்று அடிக்க எத்தனை தட்டு தட்ட வேண்டியிருக்கிறது, அதைவிடச் சின்னதாக ஒன்று என்று யோசித்ததும், நழுவினால் என்ன, பிழைத்துக்கொண்டது என்றுதானே அர்த்தம், பிழை என்று போட்டால் போயிற்று. அந்த நிமிடம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, மேஜையில் பாதி குடித்த டீ இருந்தது, தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துச் சின்னதாகச் சிரித்தும்கொண்டாள். எண்பத்தெட்டு பிழை. தொண்ணூற்றொன்று பிழை. பழைய கோப்பை இப்போது திறந்து பார்த்தாள், பிழை பிழை பிழை என்று பத்தி முழுக்க அவள் கையாலேயே அடித்தது.

கணக்கு போட்டு வரைபடம் எடுக்கிறவன் அறிவாழி, இரண்டாம் மாடியில் இருக்கிறான், தஞ்சாவூர்க்காரன், தமிழ் வாத்தியார் மகன், இந்தக் கட்டடத்திலேயே அவள் எழுதியதைப் படிக்கத் தெரிந்த ஒரே கணக்குக்காரன். அவனுக்கு ஃபோன் போட்டாள். "அறிவாழி, இறுதி அட்டவணையில சில வரிசையைக் காணோமே, எடுத்தீங்களா?" அவன் யோசிக்கக்கூட இல்லை. "ஆமாங்க, எடுத்தேனே. நீங்களே பிழைன்னு போட்டிருந்தீங்களே." அவனே தொடர்ந்தான், "படம் தெளிவா இல்ல, சரியாத் தெரியலைன்னு அர்த்தம்னு நினைச்சேன். அறுபத்தொன்பது இருந்துச்சு. கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கேன்னு பார்த்தேன், ஆனா நீங்களே குறிச்சிருக்கீங்க, நான் யாரு மாத்தறதுக்கு." எப்சிபா சொன்னாள், "பிழைன்னா பிழைச்சதுங்க. உயிரோட இருக்கிறது." பிறகு அவன் மெதுவாக, "பிழைன்னா பிழைதானேங்க," என்றான். "எங்கப்பா முப்பத்தஞ்சு வருஷம் விடைத்தாள்ல சிவப்பு மையில அதைத்தான் எழுதினாரு." அவனைத் திட்ட ஒரு வார்த்தை கிடைக்குமா என்று தேடினாள், ஒன்றும் கிடைக்கவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. "மேடத்துக்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றான். "நான் சொல்றேன்" என்று வைத்தாள். செல்லுக்குள் எந்தப் புரோட்டீனை அரைக்க வேண்டுமோ அதன் முதுகில் முதலில் ஓர் அடையாளச் சீட்டு ஒட்டப்படும், சீட்டு ஒட்டியதெல்லாம் அரைவைக்குப் போகும், சீட்டை ஒட்டியது சரிதானா என்று அரைக்கிற இடத்தில் யாரும் கேட்பதில்லை. வருடா வருடம் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள்தான் இதைப் படம் போட்டு நடத்துகிறாள். அறுபத்தொன்பது உயிருக்கு அவள் சீட்டு ஒட்டினாள், அறிவாழி அரைத்தான்.

மூன்றரை. அறிவாழியின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று மனது ஒரு சுற்று போய்ப் பார்த்தது, போட முடியாது, ஏனென்றால் வரைபடம் வந்த அன்றைக்கு அதன் அடியில் மொத்தம் நூற்றெழுபத்தொன்று என்று சின்ன எழுத்தில் இருந்தது, அவள் அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம், ஆனால் பார்த்தாள். இருநூற்று நாற்பது எண்ணினோமே என்று ஒரு கணம் உறுத்தியது. அதற்குள் கண் பெரிய எழுத்துக்குப் போய்விட்டது. சாவு நூற்றைம்பத்தெட்டு, நழுவல் பதின்மூன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு சாகிறது. அந்தத் தொண்ணூற்றிரண்டு எவ்வளவு அழகாக இருந்தது. மேடம் எழுந்து வந்து முதுகில் தட்டினார். அதற்கு முந்தின நாள் ராத்திரிதான் அக்கா ஃபோனில், மூணோட நிப்பாட்டிருதேன்ட்டி என்னால முடியல்ல என்று அழுதிருந்தாள், மருந்தால் பாதம் மரத்துப்போய் செருப்பு கழன்றது தெரியாமல் வீதியில் நடந்திருக்கிறாள், அது போகட்டும், விரல் நுனி மரத்துவிட்டது. இருபத்தாறு வருடமாகக் கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஆராதனையில் கட்டையை அழுத்தியது தெரியாமல் மறுபடி அழுத்தி, பாட்டு இரண்டாகக் கேட்க, சபையே திரும்பிப் பார்த்திருக்கிறது. "எனக்குக் காதுல கேக்கு, வெரல்ல தெரியல்லட்டி, இது என்ன எழவு" என்றாள். டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை, மருந்தளவைக் குறைத்துப் பார்க்கலாம் என்றுதான் சொன்னார், அக்காதான் நிறுத்துகிறேன் என்று நின்றாள். மறுநாள் கையில் தொண்ணூற்றிரண்டு வந்து விழுந்தது, அந்த எண் பின்னால் குறையும் என்று எப்சிபா ஏன் நினைக்கப் போகிறாள், நடைபாதையிலேயே நின்று ஃபோன் போட்டாள். "அக்கா, நாங்களே எண்ணிப் பாத்துட்டோம்க்கா. உன் மருந்துதான். நூத்துல தொண்ணூத்திரெண்டு செத்துருது. தப்பிக்கிறது ரொம்பக் கொஞ்சம். பல்லக் கடிச்சுக்கிட்டுப் பன்னெண்டையும் போட்டுரு." "நீயே எண்ணுனியா?" என்று மட்டும் கேட்டாள் அக்கா. "நானேதாங்கா." "அப்பம் சரி" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் மூன்று ஊசி ஏறிவிட்டது. இன்றையதையும் சேர்த்து.

இருநூற்று நாற்பதில் நூற்றைம்பத்தெட்டு என்றால் அறுபத்தாறு. அறுபத்தாறு ஒன்றும் மோசமில்லை, அறுபத்தாறு இந்தத் துறையில் நல்ல எண்தான், தட்டில் கிடக்கிற செல் வேறு, அக்காவின் உடம்பில் இருப்பது வேறு, தட்டுக்கு ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை, பேரப்பிள்ளைகளைப் பற்றிய யோசனை இல்லை, தட்டில் அறுபத்தாறு சாவதால் உடம்பில் அறுபத்தாறுதான் சாகும் என்று எவனும் சொல்ல மாட்டான். சரி, அப்படியானால் அன்றைக்குத் தொண்ணூற்றிரண்டை ஏன் சொன்னாய்? அப்போது மட்டும் தட்டும் உடம்பும் ஒன்றாக இருந்ததா? அவள் திரையை அணைத்தாள், மறுபடி போட்டாள். சொல்ல வேண்டாம். அக்காவின் டாக்டர் அவள் எண்ணைக் கேட்டா மருந்து கொடுக்கிறார், ஊரெல்லாம் ஆயிரம் ஆயிரம் பேருக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார், அக்கா பன்னிரண்டையும் போடுவதுதான் நல்லது என்றே எப்சிபா இப்போதும் நினைக்கிறாள். பொய்யான எண் நல்ல இடத்துக்குக் கொண்டுபோய் விட்டால் என்ன கெட்டுப்போயிற்று. விரல் கெட்டுப்போயிற்று. நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில்தான் அக்கா கீபோர்டைத் துணியால் மூடிவிட்டுப் பக்கத்துத் தெருப் பெண்ணிடம் கோயில் சாவியைக் கொடுத்தாள், திரும்ப வரும் என்கிறார்கள், சிலருக்கு வருவதில்லை என்றும் சொல்கிறார்கள். சின்ன வயதில் ஒரே பெஞ்சில் அக்காவுக்கு இடப்பக்கம் அவள் உட்காருவாள், அக்கா வாசிக்கும்போது முழங்கை விலாவில் இடிக்கும், தள்ளி உட்காரு மூதி என்று பாட்டை நிறுத்தாமலேயே சொல்லுவாள். குளிக்கும்போது இப்போதெல்லாம் எப்சிபாவின் கை தானாக மார்பைத் தடவிப் பார்க்கிறது, இடது பக்கம், வலது பக்கம், பிறகு ஏதோ தப்பு செய்தவள் போலச் சட்டென்று தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்கிறாள். சொன்னால் அக்கா நிறுத்திவிடுவாள். சொல்லாவிட்டால் அவள் பொய்யை நம்பி விரலைக் கொடுத்தவள். இதையே எத்தனை தடவை சுற்றி வந்தாள் என்று தெரியவில்லை, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து முட்டியது, கடைசியில் எண்பத்தெட்டின் மேல்தான் கோபம் கோபமாக வந்தது. சனியனே, பத்தொன்பது மணி நேரம் நின்றாயே, இன்னும் ஒரு மணி நேரம் நின்றிருந்தால் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவன் தீர்ந்திருப்பான். எண்பத்தெட்டு நகர்ந்துகொண்டே இருந்தது. அது பிழைக்கக் கூடாது என்று அவள் நினைத்தாள், உலகத்தில் எவ்வளவு பேருக்கு அந்தச் சொல் நல்ல சொல்.

நாலே காலுக்கு மேடத்துக்குச் சொன்னாள். மேடம் முதலில் புரியாமல் கேட்டார், பிறகு புரிந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஒரு வார்த்தைக்காகவா எப்சிபா? நேத்து வரைக்கும் நம்மகிட்ட ஒரு பேப்பர் இருந்துச்சு." எப்சிபா நின்றாள். "சுருக்கம் இன்னிக்கு அனுப்ப வேண்டாம். முழுசா மறுபடி எண்ணு. இந்தத் தடவை எந்த பாஷையா இருந்தாலும் வார்த்தையை முழுசா எழுது." அவள் திரும்பி வந்து நுண்ணோக்கி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அட்டவணையில் எண்பத்தேழுக்கு அடியில் ஒரு வரிசையைத் திறந்து, நழுவி உயிரோடிருக்கிறது என்று அடித்தாள். ஓர் எழுத்து விடாமல் அடித்தாள், மணிக்கட்டு வலித்தது. இன்னும் அறுபத்தெட்டு பிழைகள், மீதி அதற்கப்புறம். தொண்ணூற்றொன்றில் கை வைத்தபோது ஃபோன் அதிர்ந்தது. அக்கா.

"ஏட்டி எப்சி, முடிஞ்சுட்டு. அத்தான் வண்டி எடுக்கப் போயிருக்காவ. நீ சாப்டியா?" சாப்பிட்டேன் என்றாள். "ஊசி ஏறும்போது இன்னைக்குக் கண்ண மூடிக்கிட்டு நீ சொன்ன நம்பரத்தான் எண்ணிக்கிட்டுக் கெடந்தேன். தொண்ணூத்திரெண்டு, தொண்ணூத்திரெண்டுன்னு. பக்கத்துப் பெட்டுக்காரி, யாருக்குக்கா ஃபோன் பண்ணப் போறீங்கன்னு கேக்கா." அக்கா சிரித்தாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று தெரிந்தது. "அக்கா, அந்த நம்பர்ல ஒரு பிழை இருக்குக்கா." வார்டில் யாரோ டிராலியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம். "என்னது, பொழைச்சுக்கிடுவேன்னா?" என்றாள் அக்கா, குரலே மாறிப்போயிருந்தது, "புதுசா எதும் பாத்தியாட்டி?" எப்சிபா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "இல்லக்கா. தப்பு. தப்பு இருக்கு. நான் தப்பா எண்ணிட்டேன். தொண்ணூத்திரெண்டு இல்ல, அறுபத்தாறுதான்." சிரிப்பு அடங்கியிருந்தது. "நீயே எண்ணுனேன்னு சொன்னியே" என்றாள் அக்கா. "ஆமாங்கா." "அப்பம் என் வெரலு?" தட்டு வேறு, உடம்பு வேறு என்று எப்சிபா ஆரம்பித்தாள், அக்கா பாதியில் வெட்டினாள். "அதெல்லாம் இருக்கட்டும். அடுத்த வாரம் நான் இங்க வரணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லு." வரணும் என்று வாய் வரைக்கும் வந்தது. "டாக்டர் சொல்லுததக் கேளுக்கா. நீ வரணும்னுதான் எனக்கும் தோணுது. ஆனா வந்தா சரியாயிருமான்னு கேட்டேன்னா, எனக்குத் தெரியல்லக்கா." அக்கா மூச்சு விடுவது கேட்டது. "இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா" என்றாள். அதற்கப்புறம் பேச்சில்லை.

வைத்துவிட்டாள் என்று நினைத்து எப்சிபா ஃபோனை இறக்கினாள். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா வைக்கவில்லை, வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். மறுபடி காதில் வைத்தபோது துணி உரசும் சத்தமும், செருப்பைக் காலால் துழாவும் சத்தமும், அக்கா ஒரு தடவை மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. கேட்கக் கூடாது, வைத்துவிட வேண்டும் என்று நினைத்தாள், வைக்கவில்லை. நர்ஸ் பெண்ணின் குரல் வந்தது, "அக்கா, அடுத்த வெள்ளிக்கிழமை காலைல போடட்டுமா, மத்தியானம் போடட்டுமா?" பதில் இல்லை. "அக்கா?" எண்பத்தெட்டு படத்தின் ஓரத்துக்கு வந்து, முதல் படத்திலிருந்து திரும்ப உருளத் தொடங்கியது.

"மத்தியானமே போடுங்க" என்றாள் அக்கா. "இந்தா, இந்த ஃபோன அமத்தி விடுங்க சிஸ்டர். அமந்துச்சா இல்லையான்னு என் வெரலுக்குத் தெரியல்ல."